நாலாம் எதிரியின் பக்கம்

இசக்கியப்பன் சிரித்ததுதான் தங்கப்பழத்துக்குப் பிடிக்கவில்லை. எட்டு வருஷத்தில் ஒருநாளும் சிரிக்காதவன், இன்றைக்கு மிக்ஸி ரிப்பேர் கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டுவிட்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் பிச்சையா டீக்கடை பெஞ்சில் இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கல்யாண வீட்டில் சொந்தக்காரனைக் கண்டவன் மாதிரி சிரித்துவிட்டு உள்ளே போனான். என்னத்துக்குச் சிரிக்கிறான். மாதத்தில் ஒருநாள் இவர் வருவார் என்பது அவனுக்குத் தெரியும், அது வேறு. எந்த நாள் என்று தெரியக்கூடாதென்றுதான் ஒரு மாதம் திங்கள், ஒரு மாதம் சனி, ஒருமுறை காலையில், ஒருமுறை சாயங்காலம் என்று மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கிறார். ஆனாலும் இவர் வருகிற அன்றைக்கெல்லாம் கடை வாசலில் ஒரு ஸ்டூல் காலியாகக் கிடக்கும். யாரோ சொல்கிறார்கள். யாராக இருக்கும். டீ ஆற்றிக்கொண்டிருந்த பிச்சையாவின் முதுகைப் பார்த்தார். முதுகில் ஒன்றும் தெரியவில்லை. முப்பதாம் தேதியோடு தனக்கு வேலை முடிகிறது என்பது அவனுக்கு எட்டியிருக்கும், அதுதான் அந்தச் சிரிப்பு என்று தோன்றியது; தோன்றியவுடனே, ஸ்டேஷனில் நாலு பேருக்கு மேல் தெரியாத சங்கதி மிக்ஸிக்காரனுக்கு எப்படி எட்டும் என்று அடுத்தது தோன்றியது. பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நேற்றைய பேப்பர். பரவாயில்லை, படிக்கவா வந்திருக்கிறார். சிறப்பு எஸ்.ஐ. ஆகி நாலு வருஷம் ஆகியும் ஆலடிப்பட்டணத்தில் எல்லோருக்கும் அவர் ஏட்டையாதான். சாதா வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாலும், மூன்று தெரு தள்ளியே நாய்கூட வழிவிட்டு எழுந்து போகும்.

அவருடைய வேலை லேசானது. இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஆலடிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ரூம் வாசலில் குண்டு வெடித்து ஏழு பேர் செத்தார்கள். அந்த வழக்கில் எதிரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் நாலு பேர், எல்லோரும் ஒரே இயக்கம். நாலு பேரும் என்ன ஆனார்கள் என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு உண்டு. தடித்த அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. முதல் எதிரியின் பக்கத்தில் ஒரே வரிதான்: முந்திரித் தோப்பில் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டு இறந்தான். ஓடியவனுக்குக் குண்டு நெஞ்சில் எப்படிப் பட்டது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, தங்கப்பழமும் கேட்கவில்லை, ஏழு பிணத்தைப் பார்த்தவனுக்கு எட்டாவது பிணத்தில் கேள்வி வராது. இரண்டாம் எதிரி ஜெயிலில் மஞ்சள் காமாலையில் போனான். மூன்றாம் எதிரி தலைமறைவு. வருஷா வருஷம் அவன் பக்கத்தில் ‘தகவல் இல்லை’ என்று யாராவது எழுதித் தேதி போடுவார்கள், உயிரோடு இருந்தால் இப்போது அறுபத்துமூன்று வயது, எங்கேயாவது பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருப்பான், அல்லது எங்கேயோ எந்தப் பேரிலேயோ செத்துப்போயிருப்பான், செத்தாலும் தகவல் இல்லைதான். மிச்சம் இருப்பது நாலாம் எதிரி. பதினைந்து வருஷம் ஆயுள் தண்டனை கழித்து, நன்னடத்தையில் வெளியே வந்து, இந்த ரோட்டில் மிக்ஸியும் கிரைண்டரும் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கம் மட்டும் பக்கம் பக்கமாக நீண்டு, தாள் ஒட்டி, அதன்மேல் தாள் ஒட்டி, கனத்துக் கிடக்கிறது. அதில் எட்டு வருஷமாக மாதாமாதம் தங்கப்பழத்தின் கையெழுத்து. நாலாம் எதிரி தொழில் செய்துவருகிறார், சந்தேகத்துக்குரிய நடமாட்டம் ஏதும் காணப்படவில்லை, கண்காணிப்பு தொடரலாம். தொண்ணூற்று சொச்சம் தடவை இதையே எழுதியாகிவிட்டது. சந்தேகமே காணப்படவில்லை என்றால் எதற்குத் தொடர வேண்டும் என்று போன வாரம் புது இன்ஸ்பெக்டர் மெர்லின் அம்மா கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலிலிருந்து அவனைப் பார்த்தவர், போகும் முன் நீங்களே ஒரு முடிவெழுதிக் கொடுத்தால் அப்படியே மேலே அனுப்பிவிடுகிறேன், நிறுத்துவதா தொடர்வதா, காரணத்தோடு எழுதுங்கள் என்றார். முதலிலிருந்து பார்த்தவர். அந்த வார்த்தை பல்லில் சிக்கிய நார் மாதிரி ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறது, நாக்கு போய்ப் போய் அதைத் தொட்டுவிட்டு வருகிறது.

ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பைக்கை நிறுத்தி ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினான். இசக்கியப்பன் அதை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் மேஜைக்கு அடியில் காலால் தள்ளினான். ஏன் பிரிக்கவில்லை. சரக்கு வந்தால் எந்தக் கடைக்காரனும் எண்ணிப் பார்ப்பான். ஹெல்மெட்காரன் ஹெல்மெட்டைக் கழற்றவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை, பைக்கை அணைக்கவுமில்லை. தங்கப்பழம் உள்ளங்கையில் வண்டி நம்பரை எழுதிக்கொண்டார். கடைசி எண் ஏழா ஒன்றா என்று எழுதும்போதே சந்தேகம் வந்தது. முன்னெல்லாம் இப்படி வராது. அந்தக் கடையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாமே சந்தேகம்தான்: செம்புக் கம்பிச் சுருள், சுவிட்ச், பற்றவைக்கிற ஈயம், சின்னச் சின்ன ஸ்பிரிங். அன்றைக்கு வழக்கில் சான்றுப் பொருளாக வைத்ததும் இதேதான், கம்பியும் பேட்டரியும் சுவிட்சும். எலக்ட்ரீஷியன் வீட்டில் கம்பி இல்லாமல் என்ன இருக்கும் என்று அவனுடைய வக்கீல் கேட்டார், ஜட்ஜ் சிரித்தார், சிரித்துவிட்டுத் தண்டனை கொடுத்தார். போன தீபாவளிக்கு வீட்டில் மிக்ஸி புகைந்தபோது ராஜகனி, பக்கத்தில்தானே கடை, கொடுத்துவிட்டு வாங்க என்றாள். பெண்டாட்டியிடம் என்னவென்று சொல்ல. வேலை சரியில்லாதவன் என்று சொல்லிவிட்டுப் புதுசு வாங்கினார். அவன் கை பட்ட சாமான் தன் அடுப்படியில் இருக்கக்கூடாது. அவன் எதையாவது உள்ளே வைத்துவிடுவான் என்று பயமா? அப்படியென்றால் அவன்தான் குண்டு வைத்தவன் என்று நம்புகிறார் என்றாகிறது. அப்படியே இருக்கட்டும். அப்படி இருந்தால் நல்லது. அவன் வைத்திருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்கக்கூடத் தயார், ஆனால் ஏழு பேர் செத்த விஷயத்தில் சாமியிடம் அப்படியா கேட்பது.

அந்த நாள். வெயில், டீசல் வாடை, பத்தே முக்கால். தங்கப்பழம் அப்போது முப்பத்தாறு வயது போலீஸ்காரர், பஸ் ஸ்டாண்ட் புறக்காவல் டூட்டி. டைம் கீப்பர் ரூம் வாசலில் நிற்கிறார். நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் மஞ்சள் பையோடு வருகிறான், குனிந்து செருப்பு வாரை மாட்டுகிறான், நிமிரும்போது கையில் பை இல்லை. அதன்பிறகு சத்தமே கிடையாது. சத்தம் கேட்டதாக மற்றவர்கள்தான் சொன்னார்கள், அவருக்கு இடது காதில் ஊசி குத்தினாற்போல ஒன்று, அப்புறம் எல்லாம் தண்ணிக்குள் நடப்பதுபோல, ஒரு கண்டக்டரின் டிக்கெட் கட்டு காற்றில் இலை இலையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காது அதோடு போயிற்று. இதைத்தான் மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னார், கோர்ட்டில் சொன்னார், அடையாள அணிவகுப்பில் பத்துப் பேர் நடுவே நின்றவனை, தோளைத் தொட்டு இவன்தான் என்று காட்டினார். எத்தனை தடவை சொன்னாலும் மாறாமல் சொன்னார், குறுக்கு விசாரணையில் வக்கீல் தோற்றார். மாறாமல் வந்ததுதான் இப்போது உறுத்துகிறது. நடந்தது கொஞ்சம் மாறும், மனப்பாடம்தான் மாறாது. அணிவகுப்புக்கு முந்தின நாள் இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டியன் அவரைக் கூப்பிட்டு, தங்கப்பழம், லாக்கப்பில் இருக்கிறவனுக்கு ஒரு டீ கொடுத்துட்டு வாரும் என்றார். ஸ்டேஷனில் டீ கொடுக்க ஆளா இல்லை. கட்டுப் போட்ட காதோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்த்து அப்படிச் சொன்னார். டீ கொண்டுபோனார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான், உதடு வீங்கியிருந்தது, நீலக் கட்டம் போட்ட சட்டை. நினைப்பு அங்கேதான் நிற்கிறது. நீலக் கட்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து லாக்கப்புக்கு வந்ததா, லாக்கப்பிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனதா. பிடிக்கிற வரைக்கும் மூன்று நாள் ஒரே சட்டையிலா திரிந்தான். திரியலாம், ஓடுகிறவனுக்கு ஏது மாற்றுச் சட்டை. ஆனால் சட்டை கசங்காமல் மடிப்போடு இருந்தது. மடிப்பு இருந்ததா, அதையும் இப்போதுதான் சேர்த்துக்கொள்கிறாரா. துரைப்பாண்டியனைக் கேட்கலாமென்றால் அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். செத்த வீட்டில் மாலை போட்டபோது அவர் முகத்தைப் பார்த்து, ஏன் அந்த டீ என்று கேட்க நினைத்ததும், பிணத்திடம் கேட்கிற கேள்வியா என்று வெட்கப்பட்டதும் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த நினைவாவது தன்னுடையதுதானா.

டீ ஆறிப்போயிருந்தது. பெட்டி இன்னும் மேஜைக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. இரண்டு பெண்கள் ஜாரைக் கொடுத்து வாங்கிப் போனார்கள், அவன் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினான், ஜெயிலில் பழகினவன் பேச்சு. தொடர வேண்டாம் என்று எழுதிவிட்டால் முடிந்தது. எழுதிவிட்டுப் போன பிறகு அடுத்த வாரம் எங்கேயாவது ஒன்று வெடித்தால்? தொடரலாம் என்று எழுதினால் இன்னொருத்தன் வந்து இதே பெஞ்சில் உட்காருவான், அவன் பழைய காகிதத்தையெல்லாம் புரட்டுவான், இந்தக் காலத்துப் பையன்கள் புரட்டக்கூடியவர்கள், லாக்கப் டூட்டி நோட்டில் அன்றைக்கு யார் உள்ளே போனார்கள் என்று இருக்கும். இருக்குமா. நேரம் போட்டுத் தன் நம்பரைத் தானே எழுதியிருப்பாரோ. இருபத்துமூன்று வருஷமாக அவர் காவல் காத்தது நாலாம் எதிரியையா, அந்த நோட்டையா. ஏதோ ஒரு வேகத்தில் எழுந்து ரோட்டைத் தாண்டினார். இடது பக்கமாக வந்த ஆட்டோவின் ஹாரன் காதில் விழவில்லை, டிரைவர் திட்டிக்கொண்டே வளைத்துப் போனான்.

வாசலில் காலி ஸ்டூல். உட்காராமல் நின்று, பெட்டியில் என்ன என்றார். இசக்கியப்பன் ஒன்றும் கேட்காமல் பெட்டியை வெளியே இழுத்து, ஸ்க்ரூ டிரைவரால் டேப்பைக் கிழித்துத் திறந்து காட்டினான். ஜாருக்கு அடியில் மாட்டுகிற கருப்பு ரப்பர் கப்ளர், ஐம்பதோ நூறோ. தங்கப்பழம் கைவிட்டு அடிவரை துழாவினார். ரப்பர்தான். கையெல்லாம் கருப்பாயிற்று. அவன் துடைக்கத் துணி கொடுத்தான்.

“முப்பதாந்தேதியோட முடியுதாமே, ஏட்டையா.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“பிச்சையா அண்ணாச்சிதான். நீங்கதான் அவுககிட்டச் சொன்னீயளாம், போன மாசம்.”

சொன்னாரா. சொல்லியிருப்பார். டீ குடிக்கும்போது வாய் சும்மா இருக்காது. ஆனால் சொன்னது ஞாபகத்தில் இல்லை, ஒரு துளிகூட இல்லை. அதுதான் ஸ்டூலில் உட்கார வைத்தது. இசக்கியப்பன் கடைக்குள் திரும்பி ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை அணைத்தான். எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஏட்டையாவின் வலது காதுப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டான். அது எப்படி அவனுக்குத் தெரிந்தது என்று நினைத்தார். கோர்ட்டில் இவரே சொன்னதுதான், எந்தக் காது என்று.

“ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு அந்த நோட்டுல என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க. பைய வச்சது நாந்தான்.”

ரோட்டில் ஒரு டவுன் பஸ் போயிற்று. தங்கப்பழத்துக்கு முதலில் வந்தது கோபமில்லை, வரவேண்டிய கோபம் வரவில்லை. கோடைக்காலத்தில் தலையில் முதல் செம்பு தண்ணீர் விழுந்தாற்போல இருந்தது. அவன்தான். பிசகில்லை. ஏழு பேரும் வரிசையாக வந்து, நீ சொன்னது சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோர்ட்டில் இல்லையென்றேன், ஜெயிலிலும் இல்லையென்றே சொன்னேன், எங்க ஆத்தா சாகிறவரைக்கும் அவளிடமும் இல்லையென்று சத்தியம் பண்ணினேன் என்று அவன் சொல்லிக்கொண்டு போனான். இயக்கம் டைம் கீப்பர் ரூமைச் சொன்னது, ஆள் இருக்காது என்று சொன்னது, ஆள் இருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் வைத்தேன், அதற்குக் காரணம் சொல்ல எனக்கு வாயில்லை என்றான். அப்புறம் தலையை நிமிர்த்தினான்.

“ஆனா நீங்க என்னப் பாக்கல, ஏட்டையா.”

“என்ன சொல்லுத?”

“நீலக் கட்டம் போட்ட சட்டைன்னு சொன்னீயள்லா. அது எங்க மச்சான் சட்டை. என்னப் பிடிச்ச அன்னைக்குக் காலையிலதான் அவன் வீட்டுல வச்சுப் போட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்தது காக்கிச் சட்டையில, கண்டக்டரு மாதிரி. நீங்க வாசல்லயே நின்னீய. ஒங்களுக்குப் பயந்து கால் மணி நேரம் தண்ணித் தொட்டிகிட்ட நின்னேன். ஒரு பொம்பள கைப்பிள்ளையோட வந்து தெசையன்வெள பஸ் எங்க நிக்கின்னு கேட்டா. நீங்க கைய மட்டும் காட்டாம கூடவே நடந்துபோயி ஏத்திவிட்டீய. அந்த நேரந்தான்.”

தங்கப்பழம் துணியை மடித்தார், விரித்தார். இதை ஏன் அப்போதே உன் வக்கீலிடம் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

“நீங்க சொன்னது பொய்யின்னு தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தானே. அதச் சொல்லணும்னா வச்சது நான்னு சொல்லணும்லா. பதினஞ்சு வருசமும் இதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீங்களும் போயிட்டா இதக் கேக்க ஆளில்ல.”

ஸ்டேஷனுக்கு அவர் நடந்தே போனார். முக்கால் மைல், உச்சி வெயில், தலையில் துண்டுகூட இல்லை. பழிவாங்குகிறான், முதலில் அப்படித்தான் தோன்றியது. பதினைந்து வருஷம் உட்கார்ந்து யோசித்து, சரியான நாள் பார்த்து, போகிற மனுஷன் மடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறான், இவனுக்கு வைப்பது பழக்கம்தானே. அப்படி ஒரு பெண்ணே கிடையாது. இருபத்துமூன்று வருஷத்தில் ஒருநாளாவது, கனவிலாவது, அப்படியொருத்தி வந்ததில்லை. பெட்ரோல் பங்க் தாண்டும்போது வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை, பிள்ளைக்கு மொட்டைத்தலை, சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது, அவள் முன்னால் நடக்காமல் பின்னால் நடக்கிறாள், சேலை மஞ்சள். மஞ்சளா? மஞ்சள் என்று இசக்கியப்பன் சொல்லவில்லையே. அப்படியானால் உண்மை. அல்லது மஞ்சள் பையிலிருந்து மஞ்சளை எடுத்து அவளுக்கு இவரே கட்டிவிட்டார், துரைப்பாண்டியன் கொடுத்த சட்டையை அன்றைக்கு ஒருத்தனுக்குப் போட்டுவிட்டதுபோல. அவளை ஏற்றிவிடப் போனதால்தான் ஒரு காதோடு தப்பினார், வாசலிலேயே நின்றிருந்தால் எட்டாவது ஆள் அவர். நின்றிருந்தால் அவன் வைத்திருக்கவும் மாட்டான். வாசலை விட்டுப் போனேன் என்று சொல்ல முடியாத ஒருவன், பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் டீ கொண்டுபோகச் சொல்லாவிட்டாலும் சொல்லியிருக்கலாம். துரைப்பாண்டியன் கதவைத்தான் திறந்துவிட்டார், உள்ளே போனது தன் கால். இல்லை, இதுவும் அதிகம், இதுவும் இந்த வெயிலில் செய்த புதுச் சாமான். நடக்க நடக்க ஒவ்வொன்றும் உண்மைபோல ஆகி, உண்மைபோல ஆனதாலேயே சந்தேகமாகி, செருப்புக்கு அடியில் தார் இளகி ஒட்டியது.

மெர்லின் அம்மா மேஜையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கப் போகிற நேரம். தங்கப்பழம் ரைட்டர் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். அம்மா படித்தார். நாலாம் எதிரி தொழில் செய்துவருகிறார். குற்றம் செய்ததை இன்று என்னிடம் தானாக ஒப்புக்கொண்டார். அதற்கான தண்டனையை முழுதாகக் கழித்துவிட்டார். கண்காணிப்பு இனித் தேவையில்லை. நல்லது ஐயா என்று சொல்லிக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், தாளுக்குப் பின்பக்கம் மை ஊறித் தெரிவதைப் பார்த்துத் திருப்பினார். பின்பக்கம் படிக்க அதிக நேரம் ஆயிற்று. டீ டம்ளரும், நீலக் கட்டமும், வாசலை விட்டுப் போனதும் அதில் இருந்தன. பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்தார்.

இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது, பென்ஷன் ஃபைல் மேலே போயிருக்கிறது, அவன்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டானே, அப்புறம் இது யாருக்கு என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். வேறு தாள் தருகிறேன், முன்பக்கத்தை மட்டும் எழுதுங்கள் என்றார். தங்கப்பழம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவன் என்ன ஆனான் என்று அந்தப் பக்கத்தில் எழுதினதெல்லாம் என் கைதானம்மா, இதுவும் அதிலேயே கிடக்கட்டும் என்றார்.

“சரி, இதையாவது தெளிவா எழுதுங்க ஐயா. கடைசி வரியில ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறீங்க. அன்னைக்கு நீங்க அவனைப் பார்த்தீங்களா, பார்க்கலையா?”

“தெரியாதும்மா.”

சர்வீஸில் எந்த அதிகாரிக்கு முன்னாலும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. மெர்லின் அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார், பொய் சொல்கிறவர்களைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு தாளை இழுத்து ஓரத்தில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, நேரம் பகல் ஒன்று பத்து என்று போட்டார்.